செப்டம்பர் 1-க்கு முன்: ஓதமும் நிலாவும் பார்த்துப் பருவத்துக்குத் தயாராவது

ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கோதுமை அறுப்பு முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும். மாலையானால் மல்லார்ட் வாத்துகள் கூட்டமாக அந்தத் தாளில் இறங்கிச் சிந்திய மணிகளைப் பொறுக்கும். கடலணைக்கு வெளியே, உவர்ச் சதுப்பில், நம் கரையோர உமரியின் உறவான சாம்ஃபயர் சிவக்கத் தொடங்கியிருக்கும். வைல்ட்ஃபவுலிங் (கடலோரக் காட்டு வாத்து வேட்டை) செய்கிறவர்கள் வீட்டில் அந்த வாரம் போகிக்கு முந்தைய வாரம் மாதிரி இருக்கும். பிப்ரவரியில் மூட்டை கட்டிப் பரணில் போட்டதையெல்லாம் இறக்கி, எது கிழிந்தது, எது துருப்பிடித்தது, எது எலிக்குப் போனது என்று பார்க்கிற வாரம்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுவது நல்லது. வைல்ட்ஃபவுலிங் என்பது பிரிட்டனின் கழிமுகங்களிலும் கடலோரச் சேற்று வெளிகளிலும், வளர்ப்புப் பறவை ஒன்றும் இல்லாமல், தானாக வந்து போகிற வாத்துகளையும் கூஸ்களையும் விடியலிலும் அந்தியிலும் காத்திருந்து சுடுவது. (தமிழில் டக்கும் வாத்துதான், கூஸும் வாத்துதான்; இங்கே அந்த வித்தியாசத்தில்தான் சட்டமே நிற்கிறது, அதனால் கூஸை கூஸ் என்றே எழுதுகிறேன்.) பண்ணையில் வளர்த்துவிட்ட ஃபெசன்ட்டுகளை ஆள் வைத்து விரட்டிச் சுடும் பணக்கார வேட்டையோடு இதைக் குழப்ப வேண்டாம். இது பெரும்பாலும் தனி ஆள், இருட்டு, சேறு, வெறுங்கையோடு திரும்புவது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இதற்கு இடமே இல்லை. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் நாமத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை ஆகிய மூன்றும் பிரிட்டனில் சட்டப்படி சுடக்கூடிய பட்டியலில் காலங்காலமாக இருந்துவருபவை என்பதைத் தமிழ் வாசகர் தெரிந்துகொண்டே மேலே படிக்கட்டும்.

பருவக் கணக்கு 1981-ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் வாத்துக்கும் கூஸுக்கும் செப்டம்பர் 1-இல் பருவம் திறக்கும். உள்நாட்டில் ஜனவரி 31-இல் முடியும். சாதாரணப் பெரிய ஓதத்தின் (ஓதம்: கடல் நீர் ஏறி வற்றுவது) உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே, அதாவது கடல் நனைக்கும் நிலத்தில், பிப்ரவரி 20 வரை. அந்த இருபது நாள்தான் கடலோரக்காரர்களின் தனிச் சொத்து. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் கூடாது. இங்கிலாந்தில் ஞாயிறு தடை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்: கிழக்குக் கரையில் வாஷ் விரிகுடாவின் நார்ஃபோக் பக்கம் ஞாயிறு சுடக்கூடாது, அதே விரிகுடாவின் லிங்கன்ஷயர் பக்கம் சுடலாம். சுடலாம் என்ற பறவைப் பட்டியலும் அவ்வப்போது அரசின் மறுபரிசீலனைக்கு வரும். போன வருடப் பட்டியலை நினைவில் வைத்துப் போகாதீர்கள். ஆகஸ்டில் ஒருமுறை புதிதாகப் பாருங்கள்.

இடமும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் கடலோர ஓதப் பகுதியில் சுடுவது பொது உரிமை. ஆனாலும் சால்வே கரையின் கேர்லேவராக் போன்ற தேசியக் காப்பிடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தப் பொது உரிமை இல்லை. ஓதப் பகுதியில் ஏறக்குறைய பாதி, அரச முடியின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம். அதை வைல்ட்ஃபவுலிங் கிளப்புகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. புதிதாகச் சேர விரும்புகிறவருக்கு உள்ளே போக வழி அந்தக் கிளப்புதான். பறவை அடையாளம் காட்டச் சொல்லிச் சோதனை வைக்கும் கிளப்புகள் உண்டு, முதல் பருவம் முழுக்க ஒரு மூத்த உறுப்பினரோடுதான் போக வேண்டும் என்கிற கிளப்புகளும் உண்டு. தொந்தரவாகத் தெரியும், கீழே ஓதத்தைப் பற்றிப் படித்தபின் தெரியாது.

ஆகஸ்டில் செய்யவேண்டிய வேலைகளில் பாதி மேசையில் உட்கார்ந்து செய்யவேண்டியது. வேண்டியவை மூன்று: அந்த வருட ஓத அட்டவணை, நிலாக் கணக்கு, ஒரு பென்சில்.

ஓதத்தைத் தமிழ்க் கரையில் வளர்ந்தவர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள். சென்னையில் பெரிய ஓதத்துக்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் வித்தியாசம். வாஷ் விரிகுடாவில் அது ஆறு மீட்டரைத் தாண்டும். மோர்கம் விரிகுடாவில் பத்து வரை போகும். செவர்ன் கழிமுகத்தில் பன்னிரண்டையும் தாண்டும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துப் பெரிய ஓதம். இரண்டு அட்டமிகளையும் ஒட்டிச் சின்ன ஓதம். நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் உயர்நீர் தள்ளிப்போகும். இந்த அடிப்படை எல்லாக் கரைக்கும் ஒன்றுதான்.

நீர் ஒரே வேகத்தில் ஏறாது என்பதுதான் ஆளைக் கொல்வது. கடலோடிகளின் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு இதற்கு உதவும்: ஏற்றம் ஆறு மணி நேரம் என்று வைத்தால், முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. ஆறு மீட்டர் ஓதத்தில் முதல் மணி நேரத்தில் அரை மீட்டர்தான் ஏறும். "இவ்வளவுதானா" என்று தோன்றும். மூன்றாவது, நான்காவது மணியில் மணிக்கு ஒன்றரை மீட்டர். ஐந்நூறு அடிக்கு ஓரடி சரிகிற சேற்று வெளியில் அந்த ஒன்றரை மீட்டர் என்பது ஒரே மணியில் எழுநூற்றைம்பது மீட்டர் தரை மூழ்குவது. கழிமுகத்தின் உள்பக்கம் போகப்போக ஏற்றம் ஆறு மணிக்குப் பதில் நான்கிலேயே முடிந்துவிடும், வற்றம் நீளும். அங்கே இந்தக் கணக்கும், இருப்பதைவிட அதிக நேரம் இருப்பதாகக் காட்டி ஏமாற்றும்.

அதைவிட மோசம், நீர் முன்னால் இருந்து வராது. சதுப்பை ஓடைகள் நரம்பு மாதிரிப் பின்னிக் கிடக்கும். நீங்கள் முன்வரிசை மேட்டில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் முழங்கால் ஆழத்தில் தாண்டி வந்த ஓடை சத்தமில்லாமல் நிரம்பும். கடல் கண்ணில் படும் முன்பே திரும்பும் வழி போய்விடும். அதனால் அனுபவசாலிகள் எழுந்து நடக்கிற நேரத்தை உயர்நீரை வைத்துக் குறிப்பதில்லை, வழியில் உள்ள மிக ஆழமான ஓடையை வைத்துக் குறிக்கிறார்கள். "உயர்நீருக்கு இரண்டரை மணி முன்னால் இந்த ஓடையைத் தாண்டியிருக்க வேண்டும்" என்று ஓடைக்கு ஓடை ஒரு எண். அந்த எண்ணைப் பகலில், துப்பாக்கி இல்லாமல், ஆகஸ்டிலேயே நின்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு குளிர்காலம் ஓடையின் போக்கையே மாற்றிவிடும் என்பதால் போன வருட எண் செல்லாது. இன்னொரு எண்ணும் வேண்டும்: எத்தனை மீட்டர் ஓதத்துக்கு மேல் உங்கள் புல்மேடு முழுசாக மூழ்கும் என்பது. அதற்கு மேல் உள்ள நாள்களை அட்டவணையில் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள்.

அட்டவணையில் ஒரு கண்ணி இருக்கிறது. பல அட்டவணைகள் வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்தில் அச்சாகும். ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாட்டின் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். கிரீன்விச் நேரத்தில் 7:00 என்று போட்டிருப்பது செப்டம்பரில் உங்கள் கைக்கடிகாரத்தில் 8:00. ஏழோடு ஏற்றம் முடிந்தது என்று நம்பி ஏழரைக்கு இறங்குகிறவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் நீரில் இறங்குகிறார். ஏற்கெனவே கோடை நேரத்துக்குத் திருத்தி அச்சிட்ட அட்டவணையில் மறுபடி ஒரு மணி கூட்டினால் விபரீதம் மறுபக்கம்: நீர் நீங்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு மணி முன்னதாக வந்து நிற்கும். அட்டவணையின் முதல் பக்கத்தில் எந்த நேரம் என்று போட்டிருக்கும். அதைப் படித்து, ஒவ்வொரு மாதத் தலைப்பிலும் கையால் எழுதி வைப்பது வீண் வேலை இல்லை.

அட்டவணை வானிலையை அறியாது என்பதும் நினைவிருக்கட்டும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். இயல்பான 1013-இலிருந்து 980-க்கு இறங்கிய புயல் நாளில் அதுவே முப்பது சென்டிமீட்டருக்கு மேல். அதோடு வடகடலில் வடக்குக் காற்று ஒரு இரவு அடித்தால் நீர் தெற்கே குவியும். 1953 ஜனவரி 31 இரவு இந்தக் கிழக்குக் கரையை மூழ்கடித்தது அப்படிக் குவிந்த நீர்தான். வருத்தமான விஷயம், வாத்து தாழப் பறப்பதும் அந்த மாதிரிக் காற்றில்தான். காற்று இல்லாத தெளிந்த காலையில் எல்லாமே எழுபது மீட்டர் உயரத்தில் போகும்.

நிலா அடுத்து. நிலாவையும் ஓதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு கரைக்கும் ஒரு குணம் இருப்பது தெரியும். பெரிய ஓதத்தின் உயர்நீர் ஓர் இடத்தில் எப்போதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். வாஷில் அது காலை, மாலை ஆறு ஏழு மணி வாக்கில். மேற்குக் கரையின் மோர்கம் விரிகுடாவிலும் சால்வேயிலும் நண்பகல், நள்ளிரவு வாக்கில். ஆகவே வாஷில் பெரிய ஓதம் விடியலோடு மோதும்: சேற்றில் உறங்கும் பறவைகளை நீர் கிளப்பிவிடும், காலை வேட்டைக்கு நல்லது, முன்வரிசையில் உட்கார முடியாது என்பது கெட்டது. மேற்குக் கரையில் அதே நாள் விடியலில் கடல் மைல் கணக்கில் பின்வாங்கியிருக்கும், பறவை எட்டாத் தூரத்து மணல்திட்டில் இருக்கும். ஒரு கரையில் கற்ற பாடத்தை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நாமத்தலை வாத்து (இங்கே விஜன்) நிலா வெளிச்சத்தில் மேயும் பறவை. வாத்துகளையும் கூஸ்களையும் இரவில் சுடுவதற்குச் சட்டத் தடை இல்லை. விளக்கடித்துச் சுடத்தான் தடை. வளர்பிறை தசமியிலிருந்து தேய்பிறை சதுர்த்தி வரை என்று மாதத்துக்கு ஒன்பது பத்து இரவு கிடைக்கும், ஆனால் அதில் உருப்படியானது இரண்டுதான். காரணம் வானம். முழுத் தெளிவான வானில் பௌர்ணமி நிலாவுக்குக் கீழேயும் பறவை கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல் "வீ-ஊ" என்ற விசில் மட்டும் கேட்கும், இருட்டு அப்படியே விழுங்கிவிடும். பால் மாதிரி மெல்லிய மேகம் வானம் முழுக்கப் பரவி, பின்னால் இருந்து நிலா அதை ஒளிரச் செய்ய வேண்டும். அப்போதுதான் பறவை அதில் கறுப்பாகத் தெரியும். நாட்காட்டியில் பௌர்ணமியை வட்டமிடுவது எளிது, மேகத்தை யாரும் வட்டமிட முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான நிலா இரவுகளுக்கு வேறு ஏற்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பவருக்கே அந்த இரண்டு இரவும்.

அதே பௌர்ணமி கூஸ் வேட்டையைக் கெடுக்கும். பிங்க்ஃபுட் கூஸ்கள் ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் செப்டம்பர் நடுவில் வரத் தொடங்கும். வாஷின் மணல்திட்டுகளில் இரவு தங்கி, விடியலில் நார்ஃபோக் வயல்களில் சர்க்கரைக் கிழங்கு பிடுங்கியபின் கிடக்கும் தலைகளைத் தின்னப் போகும். நிலா இருந்தால் அவை இரவிலேயே வயலில் மேய்ந்துகொள்ளும். விடியலில் திட்டு காலியாக இருக்கும், எப்போது எந்தப் பக்கத்திலிருந்து திரும்பும் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கூஸுக்கு நல்லது அமாவாசைக்குப் பக்கத்து விடியல், பலத்த எதிர்க்காற்றோடு.

செப்டம்பரில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் கிடைப்பது இங்கேயே பொரித்த மல்லார்ட், கிரேலேக், கனடா கூஸ், முதலில் வந்து சேரும் கிளுவை. ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் விஜன் கூட்டம் பெருகுவது அக்டோபரில். மல்லார்டின் கோடைச் சிறகுதிர்ப்பு அப்போதுதான் முடிந்திருக்கும், ஆண் பறவையின் பச்சைத் தலை முழுசாக வந்திருக்காது. அரை வெளிச்சத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே தெரியும்.

தெரிவது என்பதைப் பற்றியே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சூரிய உதயத்துக்கு முப்பது நாற்பது நிமிடம் முன்பே பறப்பு தொடங்கிவிடும். நிறம் எதுவும் தெரியாத நேரம் அது. உருவம், சிறகடி, குரல், இந்த மூன்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். பிரென்ட் கூஸ் பாதுகாக்கப்பட்ட பறவை. அது சேற்று வெளிக்கு மேல் தாழ்வாக, கோடு கோடாக, தொண்டைக்குள் உருட்டுவது மாதிரி "ர்ரொங்க்" என்று சொல்லிக்கொண்டு வரும். சுடுவதற்கு ஆசையான உயரத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். பிங்க்ஃபுட்டின் குரல் மெல்லியது, உச்ச சுருதியில் "விங்க்-விங்க்". ஷெல்டக்கும் பாதுகாக்கப்பட்டது, நிழலுருவில் சின்னக் கூஸ் மாதிரியே இருக்கும். கர்லூ (நம் பக்கம் குதிரைமலைக் கோட்டான்) 1981 சட்டத்துக்கு முன் சுடப்பட்ட பறவை, இப்போது கூடாது. குரல் பதிவுகளை ஆகஸ்ட் முழுக்கத் தினம் கால் மணி கேட்டால் போதும், காது பழகிவிடும். சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும். இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

துப்பாக்கிப் பக்கம் வருவோம். காவல்துறை தரும் ஷாட்கன் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். காலாவதித் தேதியை ஆகஸ்டிலேயே பாருங்கள், புதுப்பிக்க மாதக்கணக்கில் இழுக்கும். பன்னிரண்டு போர் (குழாய் அளவு), மூன்று அங்குலத் தோட்டா அறை போதுமானது. ஈயக் குண்டு இங்கிலாந்தில் 1999 விதிகளின்படி கடலோர ஓதப் பகுதியிலும், எங்கேயாயினும் வாத்து, கூஸ் மீதும் கூடாது. வாத்துகள் சேற்றில் கிடக்கும் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி, அரைவைப்பையில் அரைபட்டு, நஞ்சேறிச் செத்ததுதான் காரணம். இப்போது ஸ்டீல் அல்லது பிஸ்மத்.

ஸ்டீல் ஈயத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு அளவு பெரிய குண்டு எடுக்க வேண்டும்: ஈயத்தில் 5-ஆம் எண் சுட்ட இடத்தில் ஸ்டீலில் 3 (எண் குறையக் குறையக் குண்டு பெரிது). வாத்துக்கு 32 கிராம், எண் 3 அல்லது 4. கூஸுக்கு 36 கிராமும் அதற்கு மேலும், எண் 1 அல்லது அதைவிடப் பெரிய பிபி. ஸ்டீல் நசுங்காது, அதனால் சிதறல் இறுக்கமாகவே விழும். முழுச் சோக் (குழாய் வாயின் குறுக்கம்) போட்டால் குழாய் வாய் வீங்கும். பெரிய குண்டுக்கு அரைச் சோக்குக்கு மேல் வேண்டாம். உயர் ஆற்றல் ஸ்டீல் தோட்டாவுக்குக் குழாயில் ஸ்டீல் சோதனை முத்திரையான லில்லிப் பூக்குறி இருக்கிறதா பாருங்கள். தாத்தா காலத்து மெல்லிய குழாய்த் துப்பாக்கி என்றால் பிஸ்மத். பர்ஸ் அழும், துப்பாக்கி பிழைக்கும்.

எந்தத் தோட்டா என்று கடைக்காரரைக் கேட்பதைவிடச் சுட்டுப் பார்க்கும் தாளைக் கேளுங்கள். 35 மீட்டரில் பெரிய தாள் ஒன்றை நிறுத்திச் சுட்டு, அடர்த்தியான இடத்தைச் சுற்றி முப்பது அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். மல்லார்டுக்கு ஏறக்குறைய 90 துளை, சின்ன உடம்பான கிளுவைக்கு 140, கூஸுக்கு 50 இருந்தால் சரி. ஒரே தோட்டா மூன்றுக்கும் சரிவராது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த 35 மீட்டரைத் தாண்டிச் சுடாமல் இருப்பதுதான் கடினமான பகுதி, ஏனென்றால் கூஸ் பெரிய பறவை. ஐம்பது மீட்டரில் இருப்பது முப்பதில் இருப்பதாகக் கண் சொல்லும். சதுப்பில் 35 மீட்டரில் ஒரு குச்சி நட்டு வைத்துப் பார்வையைப் பழக்குவது பழைய வழி, இன்னும் செல்லுபடியாகும் வழி.

போன பிப்ரவரியில் கோட்டுப் பையில் மறந்த தோட்டாக்களைக் கிளப்பிடம் கொடுத்து அப்புறப்படுத்துங்கள். உப்பு ஈரத்தில் உள்ளே ஸ்டீல் குண்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அது சிதறாமல் ஒரே உருண்டையாகக் குழாயை விட்டுப் போகும், போகாமலும் இருக்கும். துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் நன்னீரில் துடைத்து, காயவைத்து, எண்ணெயிட வேண்டும். "நாளைக்கு" என்று விட்ட ஒரே இரவில் உப்பு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஓடை தாண்டி ஏறியதும், விழுந்து எழுந்ததும், குழாய்க்குள் பார்க்காமல் தோட்டா போடக்கூடாது. விரல்கடை சேறு அடைத்திருந்தால் குழாய் வெடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அரைத் தானியங்கி எவ்வளவு பிரபலமானாலும், மடக்கிப் பார்க்கிற துப்பாக்கியே சதுப்புக்கு ஏற்றது என்பேன்.

வேடருக்குக் கால் முக்கியம். வேடர்கள் அணியும் வேடர் என்று சிலேடை அடிக்க இடமிருக்கிறது. இடுப்புக்கு மேல் வரும் அந்த நீர்க்காலுடைக்கு இங்கே பெயரே வேடர்ஸ். இருட்டறையில் உள்ளே டார்ச் போட்டு வெளியே பாருங்கள், ஓட்டை நட்சத்திரம் மாதிரித் தெரியும். உள்முழங்கால், கவட்டுத் தையல், பூட்ஸ் சேரும் வளையம், இந்த மூன்றிலும்தான் முதலில் போகும். பேனாவால் குறித்து, உலர்ந்தபின் நியோப்ரீன் பசை தடவி ஒரு நாள் விடுங்கள். மடித்து வைத்ததுதான் விரிசலுக்குக் காரணம்; அடுத்த பிப்ரவரியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இடுப்பில் இறுக்கமான பெல்ட் கட்டாயம். நீர் நிரம்பிய காலுடை உங்களை நீருக்குள் இழுக்காது, ஆனால் கரை ஏறும்போது நாற்பது கிலோவாகக் கனக்கும். வழுக்கும் ஓடைக் கரையில் அந்தக் கனம் போதும்.

சேற்றில் சிக்கினால் ஒரு காலை இழுக்க மற்றக் காலில் ஊன்றுவதுதான் எல்லோரும் செய்வது, இரண்டும் இறங்கிவிடும். உடனே பின்பக்கம் சாய்ந்து உட்காருங்கள், எடையைப் பரப்புங்கள், காலைச் சின்னச் சின்னதாக ஆட்டி உறிஞ்சலில் நீர் புகவிட்டு மெல்ல உருவுங்கள், வந்த பக்கமே ஊர்ந்து திரும்புங்கள். ஒன்றரை மீட்டர்க் கம்பு ஒன்று எப்போதும் கையில்: ஆழம் பார்க்க, படுக்கவைத்து அதன்மேல் சாய. மூடுபனிக்குத் திசைகாட்டி, அணையிலிருந்து புறப்படும்போதே பாகையைப் படித்துக் கையில் எழுதுங்கள், திரும்ப 180 கூட்டினால் போதும். போனில் வரைபடம் இருக்கிறதே என்பார்கள். ஜனவரிக் குளிரில் முப்பது சதவீத பேட்டரி பத்து நிமிடத்தில் அணைவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

பறவையை ஈர்க்க நீரில் மிதக்கவிடும் டீகாய் பொம்மைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆறு முதல் பன்னிரண்டு, விஜனும் கிளுவையும், கயிறு சிக்கறுத்து எடை கட்டியது. பறவை எதிர்காற்றில்தான் இறங்கும். காற்று முதுகில் படும்படி உட்கார்ந்து, பொம்மைகளுக்கு நடுவே இறங்க ஓர் இடைவெளி விடுங்கள். நாய் பற்றி ஒன்று மட்டும்: கோடையில் சோபாவில் கிடந்த லாப்ரடார் செப்டம்பரில் ஓடையில் நீந்தத் தயாராக இருக்காது. ஆறு வாரம் முன்பே நீச்சலைத் தொடங்குங்கள். வற்றம் கடலை நோக்கி இழுக்கும் ஓடையில், விழுந்த பறவை எதுவானாலும், நாயை அனுப்பாதீர்கள்.

கடும் பனி நாள்களுக்கும் விதி உண்டு. கரையோர வானிலை நிலையங்களில் பாதிக்கு மேல் தொடர்ந்து ஏழு நாள் உறைந்திருந்தால் தானாக நிறுத்திக்கொள்ளும்படி வேண்டுகோள் வரும்; பதினைந்தாவது நாளிலிருந்து அரசாணையே வரலாம். மேய்ச்சல் உறைந்து பட்டினியில் இருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவதே அதற்குச் சாவு. ஏழாம் நாள் வரை காத்திருக்காமல் மூன்றாம் நாளே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் இன்னொன்று: 2021-22 குளிர்காலத்தில் சால்வேயில் பார்னக்கிள் கூஸ்களில் மூன்றில் ஒன்று போனது. செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாமல் தகவல் மட்டும் கொடுங்கள். ஒரு சதுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவுங்கள்.

அடித்த பறவையின் வால் இறகைப் பாருங்கள். நுனி கூராக முடிந்தால் வளர்ந்தது. நடுவில் சின்ன வெட்டு மாதிரிப் பிளந்திருந்தால் இந்த வருடக் குஞ்சு, பொரித்தபோது இருந்த தூவி உதிர்ந்த தழும்பு அது. குஞ்சுகள் குறைவாக வரும் வருடம் வடக்கே இனப்பெருக்கம் சரியில்லை என்று பொருள். அந்த வருடம் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். காட்டுக் கூஸை விற்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை, சாப்பிடலாம் அல்லது கொடுக்கலாம், ஆகவே அடுப்புக்கு வேண்டிய அளவே அளவு. உவர்ப்புல் மேய்ந்த விஜனுக்கு மிளகும் சின்ன வெங்காயமும் போதும். தட்டைவாயன் வாத்துக்கு மசாலா எவ்வளவு போட்டாலும் சேறுதான். மெல்லும்போது மெதுவாக: ஈயம் பல்லுக்கு வழிவிடும், ஸ்டீல் விடாது.

ஆகஸ்ட் 31 இரவு பையில் எல்லாம் போனபின் சமையலறை மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் படுங்கள். எந்தச் சதுப்பு, எந்த வாயில் வழியாக, வண்டி எங்கே நிற்கும், உயர்நீர் எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குள் வீட்டில் இருப்பீர்கள். கடைசி வரியில், எத்தனை மணிக்குப் போன் வராவிட்டால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல்படை வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பது. எழுதும்போது அந்த நேரம் கிரீன்விச்சா, வீட்டுக் கடிகாரமா என்றும் போட்டுவிடுங்கள்.